மூன்று கால் முயல்

முயல் கண்காட்சிகளில் 'கால்' என்று ஒரு விருது உண்டு. சொன்னால் சிரிப்பீர்கள். அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தின் விதிப்படி, குறைந்தது மூன்று பேர் கொண்டுவந்த ஐந்து முயல்களாவது நிற்கும் போட்டியில் முதலிடம் வந்தால் உங்கள் முயலுக்கு ஒரு கால். மூன்று கால் சேர்ந்து, சங்கத்தில் பதிவும் செய்துவிட்டால் அது கிராண்ட் சாம்பியன் ஆகலாம். நம்மூர்ப் பழமொழியை யாரோ குறும்பாக விதிப்புத்தகத்தில் ஏற்றிவிட்ட மாதிரி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற அந்தக் கூட்டத்தில் நானும் இரண்டு வருடம் இருந்தேன்.

ஒஹாயோவில், எங்கள் வீட்டுக் கராஜில், ஹாலந்து லாப் முயல்கள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஃபோர்-எச் என்ற சிறார் அமைப்பில் சேர்ந்திருந்தாள், கவுன்ட்டி ஃபேருக்கு முயல் கொண்டுபோக ஆசை. தொங்கும் காது, உருண்டைத் தலை, தட்டை முகம். பார்த்தால் யாருக்கும் தூக்கிக் கொஞ்சத் தோன்றும். எடை நான்கு பவுண்டைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் 1.8 கிலோ. தாண்டினால் நடுவர் மேசையிலிருந்து நேராகக் கூண்டுக்குத்தான்.

முதல் ஈற்றில் ஐந்து குட்டிகள். மறுநாள் காலை கூட்டுப்பெட்டியில் ரோமத்தை விலக்கிப் பார்த்தோம். நான்கு கொழுகொழுவென்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஐந்தாவது தனியாக, மற்றவற்றில் பாதிகூட இல்லாமல், தலை மட்டும் வீங்கினாற்போல, இடுப்பு சூம்பிப்போய். உயிர் இருந்தது. பால் குடிக்கப் பார்த்தது. மூன்றாம் நாள் சில்லென்று கிடந்தது.

எங்களுக்கு முயல் விற்றவரிடம் போனில் கேட்டேன். "ஓ, அது பீநட். அதைக் கணக்குல சேர்க்காதீங்க" என்றார், சாதாரணமாக. பீநட், வேர்க்கடலை. செல்லப் பெயர்கூட வைத்துவிட்டார்கள்!

இந்த வேர்க்கடலை விபத்து கிடையாது. ஹாலந்து லாப் இனத்தை ஆட்ரியன் டி காக் என்ற டச்சுக்காரர் 1949இல் உருவாக்கத் தொடங்கினார். பிரெஞ்சு லாப் என்ற பெரிய முயலின் தொங்கும் காதையும் நெதர்லாந்து ட்வார்ஃபின் சின்ன உடம்பையும் சேர்க்கப் பார்த்தார். அந்தச் சின்ன உடம்போடு குள்ள மரபணுவும் வந்தது. ஒரு மரபணுவில் சுமார் 12,000 எழுத்துகள் காணாமல் போனதால் வந்த குள்ளம் அது என்று 2017இல் கண்டறிந்தார்கள். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தப் பிழை வந்தால், போட்டிக்கேற்ற குட்டி முயல். இரண்டு பேரிடமிருந்தும் வந்தால் வேர்க்கடலை. அது பிழைப்பதில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பத்தாம் வகுப்பு மெண்டல்தான், பயப்படாதீர்கள். இரண்டு குள்ள முயல்களைச் சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒன்று சாகும், இரண்டு குள்ளம், ஒன்று பெரியது. குள்ளத்தை, அந்த மரபணு இல்லாத பெரியதோடு சேர்த்தால், நான்கில் இரண்டு குள்ளம், இரண்டு பெரியது. சாவு இல்லை. திரும்பப் படியுங்கள். குள்ளம் இரண்டு வழியிலும் இரண்டுதான். செத்த குட்டியால் ஒரு குள்ள முயல்கூட அதிகமாகக் கிடைக்கவில்லை.

அப்புறம் ஏன் குள்ளத்தையும் குள்ளத்தையும் சேர்க்கிறார்கள்? இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. செத்தது தீனி கேட்காது. கூண்டு கேட்காது. பெரியதாகப் பிறந்து உயிரோடு இருக்கிறதே, அதுதான் பிரச்சினை. எட்டு வாரம் வளர்த்து, கொண்டுபோகிற ஆளைத் தேடி, கிடைக்காவிட்டால் வைத்துக்கொள்ள வேண்டும். மேசை ஏற முடியாது, கால் வாங்காது. உயிரோடிருக்கும் ஒரு பெரிய முயலைவிட மூன்று நாளில் போகும் ஒரு சின்ன முயல் மலிவு. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் கராஜுக்குக் கராஜ் ஓடுகிற கணக்கு இதுதான்.

எல்லோரும் அப்படி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய பெண் முயலை வேண்டுமென்றே வைத்துக்கொள்ளும் வளர்ப்பாளர்கள் நிறைய இருக்கிறார்கள். பிரசவம் சுலபம், பால் தாராளம். அந்த முயல்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பிக் அக்ளி டோ'. பெரிய அவலட்சணப் பெட்டை. நேர்த்தியான கண்காட்சிக் குட்டிகளை ஈன்று தரும் தாய்க்கு இந்தப் பட்டம்.

"இயற்கைதானே, வலுவில்லாதது போகும்" என்று ஒரு பதில் வரும். எந்த இயற்கை? எடை வரம்பு எழுதியது இயற்கையா? முகம் இவ்வளவு தட்டையாக இருக்க வேண்டும் என்று புள்ளி போட்டது காட்டில் இருக்கிற நரியா? என் தொழிலில் ஸ்பெக்கில் எழுதியபடியே புரோக்ராம் ஓடி ஒரு கோளாறு வந்தால், அதை பக் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எழுதியவர்தான் பொறுப்பு.

"நீ சிக்கன் பிரியாணி சாப்பிடுகிறவன்தானே?" ஆமாம், சாப்பிடுகிறேன். அதனால் என்னைச் சைவப் புனிதனாக நிறுத்த வேண்டாம். கறிக்கடையில் கோழி செத்தது எல்லோருக்கும் தெரியும், விலையிலேயே இருக்கிறது. இங்கே ரிப்பன் வாங்கிய முயலின் மூன்று தலைமுறை வம்சாவளியில் தாத்தா பாட்டி பெயரெல்லாம் உண்டு, நிறம் உண்டு, எடை உண்டு. கூடப்பிறந்து மூன்றாம் நாள் செத்ததைப் பற்றி ஒரு வரி கிடையாது. முழுவதையும் நாளைக்கே நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. குள்ளத்தோடு குள்ளத்தைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால், செத்ததையும் எழுதுங்கள். அவ்வளவுதான்.

அந்த வருடம் மகளின் பதிவேட்டில் 'பிறந்த குட்டிகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. "அப்பா, நாலா அஞ்சா?" என்றாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. முயல் விற்றவர் சொன்னதுதான் மனதில் ஓடியது. நாலு என்றே சொல்லியிருப்பேன். அதற்குள் அவளே ஐந்து என்று எழுதிவிட்டாள்.

அந்த நான்கில் ஒன்று ஐந்து பவுண்டு வரை வளர்ந்தது. பெயர் பூசணி. பூசணியை எங்கள் குள்ள ஆண் முயலோடு சேர்த்ததில் போன மாதம் ஆறு குட்டிகள், ஆறும் உயிரோடு. மூன்று பெரியதாக வரும்போல் தெரிகிறது. இரண்டுக்கு வீடு பார்த்தாயிற்று. மூன்றாவதற்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. கராஜில் இடமும் இல்லை.