ஊர் காணக் கால்கள் போதாவா?

செக்வே என்னும் மின்வண்டியை நம் வாசகர்களில் வெளிநாடு சென்று வந்தவர்கள் பார்த்திருக்கக்கூடும். பக்கவாட்டில் இரு சக்கரங்கள், நடுவே நிற்க ஒரு பலகை, பிடித்துக்கொள்ள ஒரு கழி, அவ்வளவே வண்டி. முன்னே சாய்ந்தால் ஓடும், பின்னே சாய்ந்தால் வேகம் குறையும். தலைக்கவசம் அணிந்த பத்துப் பேர் இதில் ஏறி, வழிகாட்டியின் பின்னால் வாத்துக் கூட்டம்போல் வரிசையாகச் செல்வர். கோட்டை வந்தால் ஒரு நிறுத்தம், தேவாலயம் வந்தால் மறு நிறுத்தம். இதற்கு நகர உலா என்று பெயர்.

மதுரைக்கும் இப்படியொரு உலா வேண்டும், மாசி வீதிகளைச் சுற்றிவிட்டு நாகமலை புதுக்கோட்டை வழியாகச் சமணர் மலை வரை நீட்டிவிடலாம் என்று கற்றறிந்த நண்பர்களே பேசக் கேட்கிறோம். புகை இல்லை, இளைஞர்கள் விரும்பி வருவார்கள், வெளிநாட்டுப் பணம் புழங்கும் என்று அவர்கள் மூன்று காரணங்களை அடுக்குகிறார்கள். இம்மூன்றையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்த வண்டியின் வரலாற்றைப் பார்ப்போம். அமெரிக்கரான டீன் கேமன் 2001 டிசம்பரில் இதை அறிமுகப்படுத்தியபோது, குதிரைவண்டியைக் கார் அகற்றியதுபோல இது காரை அகற்றும் என்றார். கார் அகலவில்லை. கடைசியில் காவலர்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் உரிய வாகனமாகச் சுருங்கிய அவ்வண்டியின் தயாரிப்பு 2020 ஜூலையில் நிறுத்தப்பட்டது. பிராக் நகரம் 2016இலேயே தன் பழைய நகர்ப்பகுதியில் செக்வேக்களைத் தடைசெய்தது. அதன் தம்பிமுறையான மின் ஸ்கூட்டர்களின் கதையும் ஏறத்தாழ இதுதான். சிங்கப்பூர் 2019 நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் அவற்றுக்குத் தடை விதித்தது. பாரிஸில் 2023 ஏப்ரலில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர் தொகை குறைவு எனினும் அவர்களுள் பெரும்பான்மையோர் வாடகை ஸ்கூட்டர்கள் வேண்டாம் என்றனர். அவ்வாண்டு செப்டம்பரில் அவை அகற்றப்பட்டன. அகன்ற நடைபாதைகள் உள்ள நகரங்களுக்கே ஒவ்வாத ஒன்று, நடைபாதையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய மதுரைக்கு எப்படி ஒத்துவரும்?

ஆயினும், பிறர் விலக்கினர் என்பதற்காக மட்டும் நாம் மறுக்கவில்லை. ஊரைக் காண்பது என்றால் என்ன என்று தமிழில் முன்பே யோசித்திருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஒரு காதைக்கு ஊர்காண் காதை என்றே பெயர். கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் தனியே நகருக்குள் செல்கிறான். பரத்தையர் வீதி, மணிகள் விற்கும் வீதி, பொன் வீதி, அறுவை வீதி, கூலக்கடைத் தெரு எனச் சுற்றி வருகிறான். வைரத்தின் குற்றங்கள் எவை, மரகதத்தின் இயல்பு யாது என்றெல்லாம் இளங்கோ அங்கே விரித்துரைக்கிறார். கடை வாயிலில் நின்று பார்க்கிறவனுக்கே கல்லின் குற்றம் தெரியும். மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் விரையக்கூடிய பலகைமீது நிற்பவனுக்குக் கடையின் பெயர்ப்பலகைதான் தெரியும்.

மதுரையின் தெருக்களும் காலால் நடந்து படிக்க வேண்டியவையாகவே அமைந்திருக்கின்றன. கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, பிறகு ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று மாதங்களின் பெயரால் சதுரத்துக்குள் சதுரமாக விரியும் ஊர் இது. மாசி வீதியைத் தாண்டினால் பெயர்கள் சட்டென்று மாறிவிடுகின்றன. பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி என்று ஆட்களின் பெயர்கள் வருகின்றன. ஏன்? ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில், கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தவர்களுக்கே அந்த நிலம் வழங்கப்பட்டது. அப்பணியில் அவருக்குக் கீழ் இருந்த இருவரின் பெயர்களே அவ்வீதிகளில் நிலைத்துவிட்டன. பிளாக்பர்ன் நினைவாக நிறுவப்பட்ட விளக்குத்தூணைக் கடந்துதான் நாம் துணி எடுக்கப் போகிறோம். ஒரு தெருப்பெயருக்கும் அடுத்த தெருப்பெயருக்கும் இடையே ஒரு கோட்டையே புதைந்து கிடப்பதை உணர, இரண்டுக்கும் இடையே நடந்திருக்க வேண்டும். தேநீர்க் கடையில் நின்று யாரிடமாவது கேட்டிருக்கவும் வேண்டும். காதில் கருவியைச் செருகிக்கொண்டு வரிசை குலையாமல் செல்பவர் யாரிடம் கேட்பார்?

இனி நம் பக்கத்து மலைக்கு வருவோம். கீழக்குயில்குடிச் சமணர் மலை, நாகமலை புதுக்கோட்டையிலிருந்து நடந்தே அடையும் தொலைவில் உள்ளது. செட்டிப்புடவில் பெரிய தீர்த்தங்கரர் திருமேனி அமர்ந்திருக்கிறது. குகையின் உள்ளே சிங்கத்தின்மீது ஏறி, யானைமேல் வரும் பகைவனோடு பொருதும் பெண் தெய்வம். பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சிற்பங்கள். அவற்றின் கீழே வட்டெழுத்தில், செய்வித்தவர்களின் பெயர்கள். அச்சணந்தி முனிவரின் தாயார் குணமதியாரின் பெயரும் அவற்றுள் ஒன்று. இம்மலையில் வாழ்ந்த துறவியர் வாகனம் ஏறாதவர்கள். சிற்றுயிர்க்கும் ஊறு நேராமல் பார்த்துப் பார்த்து அடிவைப்பதே அவர்களுக்கு அறம். புகாரிலிருந்து மதுரை வரை கவுந்தியடிகள் நடந்தே வந்தது காப்பியத்தின் கதைத் தேவைக்காக மட்டுமன்று. அது அவருடைய நோன்பு. அப்படிப்பட்டவர்களின் பள்ளியைக் காண மின்வண்டியில் வரிசையாகப் போவது, அவர்களைப் பற்றி ஒன்றும் அறியாமல் திரும்புவதற்கே வழிசெய்யும்.

மலையடிவாரத்து ஊருக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேயர் 1911இல் விரிவுபடுத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் வந்த ஊர்களுள் கீழக்குயில்குடியும் ஒன்று. பெயர் பதிவான ஆண்கள் இரவில் தம் வீட்டில் உறங்க முடியாது. வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் நீக்கப்படும் வரை, தம் விருப்பம்போல் நடந்து செல்வதுகூட இம்மக்களுக்கு உரிமையாக இருக்கவில்லை. அதே மண்ணின் பாதையில், நடக்கிறவரை ஒதுங்கச் சொல்லி மணியடித்துக்கொண்டு பயணியர் வண்டிகள் போகவேண்டும் என்கிறோமா?

முதியவர்கள், நடக்க இயலாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சித்திரை வீதிகளில் அவர்களுக்காகப் பேட்டரி கார்கள் விடப்பட்டதை நாம் வரவேற்கவே செய்தோம். ஆனால் செக்வேயில் நின்றபடி உடலின் சமநிலையைக் காக்க வேண்டும். அது இயலுகிறவருள் பெரும்பாலோர்க்கு நடக்கவும் இயலும். நிற்க முடிந்து நெடுந்தூரம் நடக்க முடியாதவர் சிலர் இருப்பர். அவர்களுக்கு வண்டி கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. உலாவையே வண்டியின்மீது கட்டுவதைத்தான் எதிர்க்கிறோம்.

புகை இல்லை என்ற வாதமும் நிற்காது. ஆட்டோவுக்கு மாற்றாக வந்தால் அது வாதம். இங்கே நடைக்கு மாற்றாக வருகிறது. நடை எப்போது புகை விட்டது?

இளைஞர்கள் வரமாட்டார்கள் என்பதற்கு மதுரையே பதில் சொல்லியிருக்கிறது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனின் முன்முயற்சியில் 2010இல் தொடங்கிய பசுமை நடை, மதுரையைச் சுற்றியுள்ள மலைகளுக்கு நூற்றுக்கணக்கானோரை விடியற்காலையில் அழைத்துச் சென்றிருக்கிறது. குழந்தைகள், மாணவர்கள், பாட்டிமார் எனப் பலரும் பாறையில் அமர்ந்து தொல்லியல் அறிஞர்கள் சொல்லக் கேட்டனர். மலைகள் கல்குவாரிகளுக்கு இரையாகிக்கொண்டிருந்த காலம் அது. அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் 2024இல் வெளிவந்து, மக்கள் எதிர்ப்புக்குப் பின் 2025 ஜனவரியில் கைவிடப்பட்டது. முன்னின்று போராடியவர்கள் அவ்வட்டாரத்துக் கிராம மக்கள். அந்த மலையை ஏறிப் பார்த்திருந்த நகரத்தவர்க்கும் எதைக் காக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

எஞ்சியிருப்பது பணம். வண்டி வாங்கவும் மின்னேற்றவும் பழுது நீக்கவும் செலவிடும் தொகை வட்டாரத்தில் தங்காது. அதே தொகையில் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து கீழக்குயில்குடி வரை நிழல்மரங்களோடு நடைபாதை போடலாம். குடிநீரும் கழிப்பறையும் அமைக்கலாம். வட்டெழுத்தைப் படித்துக்காட்டப் பழகிய உள்ளூர் இளைஞர் பத்துப் பேருக்கு மாதச் சம்பளம் கொடுக்கலாம். தமிழ் இலக்கியமும் வரலாறும் படித்துவிட்டு வேலைக்கு அலையும் பட்டதாரிகள் இவ்வூர்களில் ஏராளமாக இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பயணியும் அவர்களோடு நடந்து வரட்டும், கேள்வி கேட்கட்டும், அவர் கொடுக்கும் கட்டணம் அவர்கள் வீட்டுக்குப் போகட்டும். சுற்றுலாத் துறையிடமும் மாநகராட்சியிடமும் மனுக் கொடுக்க எண்ணும் நண்பர்கள் இதைக் கேட்டு எழுதட்டும், நாமும் கையெழுத்திடுகிறோம்.