வாங்கிய நூல் யாருடையது?

ஈப்போ நகரிலிருந்து சற்றுத் தொலைவில், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக விளங்கி இன்று பாதி செம்பனையாகவும் பாதி வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்ட நிலத்தில், எங்கள் தமிழ்ப்பள்ளி அமைந்துள்ளது. அப்பள்ளி நூலகத்தின் அலமாரியில் ஐந்து மின்னூல் வாசிப்புக் கருவிகள் இருக்கின்றன. பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் முன்னாள் மாணவர் சிலரும் அன்புடன் அளித்தவை அவை. அவற்றுள் ஒன்றில் முன்னைய உரிமையாளர் காசு கொடுத்து வாங்கிய நூல்கள் பல இருந்தன. அவருடைய சொந்தக் கணக்கு பள்ளிப் பிள்ளைகளின் கையில் இருத்தல் முறையன்று என்று எண்ணி, அதனை நீக்கிவிட்டுப் புதிதாகப் பதிவு செய்ய முனைந்தோம். நூல்கள் மறைந்தன, பதிவோ நடைபெறவில்லை. இக்கருவிக்கு இனிச் சேவை இல்லை என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பு மட்டும் திரையில் தோன்றிற்று.

அருகில் நின்ற ஐந்தாம் ஆண்டு மாணவி, "ஐயா, கருவி கெட்டுப் போய்விட்டதா?" என்று கேட்டாள். கருவி கெடவில்லை. மின்கலம் நன்றாக இருந்தது, பொத்தான்கள் இயங்கின, திரையில் ஒரு கீறலும் இல்லை. அதனை ஆக்கியவர் அளித்திருந்த இசைவு மட்டுமே தீர்ந்து போயிருந்தது. இதனை ஒரு சிறுமிக்கு விளக்கிச் சொல்ல முற்பட்டபோதுதான் இதன் கொடுமை எனக்கே முழுமையாக விளங்கிற்று.

இஃது எங்கள் பள்ளிக்கு மட்டும் நேர்ந்த தனித்துயர் அன்று. உலகெங்கும் நடந்துவருவதனை நாமும் அறிந்திருத்தல் வேண்டும். அமேசான் நிறுவனத்தின் கிண்டில் கருவி 2007-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தொடக்கக் காலக் கிண்டில்களில் வைஃபை இல்லை. கைப்பேசி வலையமைப்பையும் யு.எஸ்.பி. கம்பியையுமே அவை நம்பியிருந்தன. பழைய வலையமைப்புகள் ஒவ்வொரு நாட்டிலும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நம் மலேசியாவிலும் 2021-ஆம் ஆண்டின் இறுதியோடு 3ஜி சேவை விடைபெற்றது. எஞ்சியிருந்தது கம்பி வழி. கடையில் வாங்கிய நூலைத் தம் கணினியில் இறக்கிக்கொண்டு, கம்பியின் வாயிலாகக் கருவிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியை 26.2.2025 அன்று அந்நிறுவனம் நிறுத்திவிட்டது. பூட்டில்லாத சொந்தக் கோப்புகளைக் கம்பி வழியே ஏற்றிக்கொள்வதற்குத் தடையில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய நூலின் படியொன்றைத் தம் கணினியில் வைத்துக்கொள்ளும் வழிதான் அடைபட்டது. களவாடியவனுக்கு இதனால் இழப்பு யாது? நேர்மையாக விலை கொடுத்தவனுக்கே இழப்பு!

இதற்கு முன்னும் எச்சரிக்கைகள் வந்ததுண்டு. 2009-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஜார்ஜ் ஆர்வெலின் இரு நூல்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்னும் காரணத்தால், வாங்கியோரின் கிண்டில்களிலிருந்து தொலைவிலிருந்தபடியே அமேசான் அழித்தது. அவ்விரு நூல்களுள் ஒன்று, எழுதப்பட்டதை அழித்து வரலாற்றை மாற்றும் ஆட்சியைப் பற்றிய '1984' என்னும் புதினம் என்பது எண்ணத்தக்கது. பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவரும் மன்னிப்புக் கேட்டார். எனினும், பாடத்திற்காக உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன் எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயனற்றுப் போயின. அவன் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. 2019-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கப்பட்ட நூல்கள் யாவும் அவ்வாண்டு ஜூலையில் மறைந்தன. விலையைத் திருப்பித் தந்ததோடு, நூல்களில் குறிப்பெழுதி வைத்திருந்தோருக்கு 25 டாலரும் தந்தார்கள். ஒருவன் ஒரு நூலோடு வாழ்ந்த நாள்களுக்கு அவர்கள் இட்ட விலை அது!

நிற்க. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாடு புதியதா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். நம் பாட்டன்மார் லயத்து வீடுகளில் வாழ்ந்தார்கள். வாசலில் முருங்கை நட்டார்கள், கொல்லையில் கோழி வளர்த்தார்கள், கோயில் எழுப்பினார்கள், பிள்ளை பெற்றார்கள். "எங்கள் வீடு" என்றே சொன்னார்கள். ஆயின் அந்த வீடு அவர்களுடையது அன்று. வேலை இருக்கும்வரை குடியிருக்கலாம் என்னும் இசைவே அவர்களுக்கு இருந்தது. 1950-களிலும் 1960-களிலும் வெள்ளைக்காரக் குழுமங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, அந்த இசைவின் உண்மை வடிவம் வெளிப்பட்டது. மூன்று தலைமுறை வாழ்ந்த இடத்தை விட்டு மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறிய குடும்பங்களின் கதையைப் பேராக்கில் அறியாதார் உளரோ?

இன்றைய மின்னூல் வாணிகம் நம்மை மீண்டும் லயத்து வீட்டில் குடியேற்றுகின்றது. "வாங்குக" என்று பொத்தானில் எழுதியிருக்கும். உடன்படிக்கையின் அடியிலோ, நீ பெறுவது உரிமம் மட்டுமே என்றிருக்கும். உரிமம் மட்டும் தருவதை "வாங்குதல்" என்று சொல்லி விற்பதாயின், அவ்வுண்மையை வாங்குவோருக்குத் தெளிவாக அறிவித்தல் வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றிற்று. 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து அது நடப்பில் உள்ளது. சொல்லைத் திருத்துவதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டதெனில், ஏமாற்று எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்திருத்தல் வேண்டும்!

தமிழருக்கு இஃது இன்னும் கூர்மையான கேள்வியாகும். நம் இலக்கியம் பிழைத்தது எதனால்? ஓலை அழியக் கூடியது. கறையான் தின்னும், ஈரம் அரிக்கும். அழிவதற்குள் யாரோ ஒருவர் அதனைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதினார். அதனால்தான் உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடிகளைத் திரட்டி, 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்ற முடிந்தது. படியெடுக்கக் கூடாது என்று பூட்டி, அந்தப் பூட்டின் திறவுகோலை ஒரே ஒரு வணிகன் வைத்திருந்தால், அவர் கையில் கிடைத்திருக்கக் கூடியது என்ன? படியெடுக்க முடியாத நூல், அதனைத் தாங்கும் பொருளோடு சேர்ந்து மடியும்.

இதற்கு மறுப்பாக மூன்று கூற்றுகள் சொல்லப்படுகின்றன. "பழையது போனால் புதியது வாங்குங்கள்" என்பது முதற்கூற்று. சில நூறு வெள்ளி சிலருக்குப் பொருட்டன்று. நாற்பது பிள்ளைகள் பயிலும் சிறு தமிழ்ப்பள்ளிக்கு அது பெருந்தொகை. மேலும், நல்ல பொருளை ஏன் எறிதல் வேண்டும்? மின்தாள் திரையானது பக்கம் திருப்பும்போது மட்டுமே மின்சாரம் கொள்வது. ஒருமுறை மின்னேற்றினால் பல நாள் உழைப்பது. மின்கலம் தளர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். பத்தாண்டுக்கு மேலாகியும் எழுத்தைத் தெளிவாகக் காட்டும் பொருளைக் குப்பையில் இடச் சொல்வது வணிகருக்கு வருவாய், நமக்கு வீண்செலவு.

"கைப்பேசி இருக்கின்றதே" என்பது இரண்டாம் கூற்று. முப்பதாண்டுக் காலம் வகுப்பறையில் நின்றவன் என்னும் முறையில் விடை கூறுகிறேன். கைப்பேசியில் கதை படிக்கத் தொடங்கும் பிள்ளை, இரண்டாம் பக்கத்தை எட்டுமுன் விளையாட்டுக்குள் சென்றுவிடுகின்றது. பழைய வாசிப்புக் கருவிக்கு வாசிப்பதைத் தவிர வேறொன்றும் பெரிதாகத் தெரியாது. அந்த அறியாமையே அதன் பெருஞ்சிறப்பு!

"பூட்டு இல்லாவிடின் எழுத்தாளன் பட்டினி கிடப்பான்" என்பது மூன்றாம் கூற்று. இதனை நான் இகழ்ந்து ஒதுக்கமாட்டேன். எழுத்தாளனின் உழைப்புக்கு ஊதியம் வேண்டும். ஆனால் நம் நாட்டுத் தமிழ் எழுத்தாளனின் இடர் திருட்டா, மறதியா? சில நூறு படிகள் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் மாலை அணிந்து, எஞ்சிய கட்டுகளை வீட்டுக் கட்டிலுக்கடியில் வைக்கும் நமக்கு, நூலைத் திருடிப் படிப்பாரும் இல்லையே என்பதன்றோ துயரம்? பாரதியின் படைப்புரிமையை 1949-இல் சென்னை அரசு பெற்றுப் பின்னர்ப் பொதுவுடைமையாக்கியது. அதனால் பாரதி குறைந்துபோனாரா? வீடுதோறும் சென்றார்.

ஆகவே, வெளியாரை மட்டும் குறைகூறி அமைதல் நேர்மையன்று. இத்தொகுப்பில் எழுதும் நம்மவரிலும் சிலர், தம் நூலின் மின்வடிவத்தை 90 நாள்கள் வேறெங்கும் வெளியிடுவதில்லை என்று ஒரே கடைக்கு எழுதிக் கொடுத்து, அதனை மீண்டும் மீண்டும் புதுப்பித்து வருகின்றார்கள். பூட்டுப் போடுவதா வேண்டாவா என்பதை அங்கே எழுத்தாளரே தேர்ந்தெடுக்கலாம் என்பதையும் பலர் அறியார். பூட்டின்றி வெளியிடப்படும் நூலை வாங்கியவர், அதனை இ-பப், பி.டி.எஃப். வடிவங்களில் இறக்கிக்கொள்ள 2026 ஜனவரி முதல் அமேசானே வழி திறந்துள்ளது. திறவுகோல் நம் கையில் இருக்கையில், பூட்டியவனை மட்டும் ஏசுவதில் பயன் யாது?

பூட்டை உடையுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தம் அதனைத் தடுக்கின்றது. ஆசிரியர் சட்டத்தை மீறக் கற்பித்தல் ஆகாது. பூட்டப்படாத நூல்களைப் பெருக்குங்கள் என்பதே என் வேண்டுகோள். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களை உலகுக்கு இலவசமாக வழங்கினார்கள். ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் குழுவினர், எழுத்தாளரின் இசைவோடு இக்கால நூல்களையும் வெளியிட்டார்கள். அவர்கள் செய்த ஓர் அரிய செயலை நம் ஆசிரியர்கள் அறிதல் வேண்டும். பழைய கருவிகள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கத் தெரியாது. எழுத்துக்கு முன் நிற்க வேண்டிய கொம்பு பின்னே போய் நிற்கும். அதனால் எழுத்துருவை உள்ளேயே பொதித்து, ஆறு அங்குலத் திரைக்கேற்ற பி.டி.எஃப். வடிவிலும் அவர்கள் நூல்களை ஆக்கினார்கள். பழைய கருவியும் தமிழ் பேசிற்று.

நாமும் அவ்வழியே செல்வோம். எழுத்தாளர் சங்கம் வெளியிடும் ஒவ்வொரு நூலுக்கும், பூட்டில்லாத இ-பப் வடிவமும் சிறுதிரைக்கேற்ற பி.டி.எஃப். வடிவமும் ஆக்கப்படுதல் வேண்டும். பள்ளிகள் தோறும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணையோடு, வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் பழைய கருவிகளைத் திரட்டுதல் வேண்டும். இந்தியாவில் பிறந்த கோவித் கோயல் என்னும் நிரலர் 2006-இல் எழுதத் தொடங்கிய காலிபர் என்னும் இலவச மென்பொருள், அக்கருவிகளில் நூல்களை ஏற்றவும் வடிவம் மாற்றவும் உதவும். ஒரு நண்பகலில் கற்றுக்கொள்ளலாம். மூன்றாவதாக, நம் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 1999, விற்ற பொருளுக்கு உதிரிப் பாகமும் பழுதுபார்க்கும் வசதியும் நியாயமான காலம்வரை கிடைக்க வேண்டும் என்கின்றது. வாசிப்புக் கருவிக்கு நூல்தான் உதிரிப் பாகம். அதனைப் பெறும் வழியை அடைப்பதும் இச்சட்டத்தின் கீழ்க் குற்றமாக வேண்டும் என்று நம் சங்கங்கள் குரல் எழுப்பட்டும்.

தோட்டத் துண்டாடலின்போது நம்மவர் அழுததோடு நின்றுவிடவில்லை. சுங்கை சிப்புட்டின் மைந்தர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கண்டார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள், தோட்டங்களை வாங்கினார்கள். குடியிருப்பதற்கும் உடைமையாக இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை, பள்ளிக்கூடம் காணாத அத்தொழிலாளர்கள் அறிந்திருந்தார்கள். பட்டம் பெற்ற நாம் அதனை மறத்தல் ஆகுமா?

எங்கள் பள்ளியின் ஐந்து கருவிகளில் மூன்று இன்று மீண்டும் இயங்குகின்றன. பூட்டில்லாத தமிழ் நூல்களைக் கம்பி வழியே ஏற்றியுள்ளோம். அன்று கேள்வி கேட்ட மாணவி வெள்ளிக்கிழமைதோறும் ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று, திங்கட்கிழமை திருப்பித் தருகிறாள். அவள் படிக்கும் நூலை எந்த நாட்டிலிருந்தும் எவரும் பறிக்க இயலாது. ஆனால் அவற்றுள் மலேசிய எழுத்தாளர் ஒருவரின் நூல்கூட இன்னும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வேண்டியவர்கள், இத்தொகுப்பின் பக்கங்களில் பெயர் பொறித்துள்ள நாமே.