விளித்தலும் வியத்தலும்

ஒருவர் புதினமொன்றைச் சொல்ல, "ஓஹோ, அப்படியா?" என்று நாம் கேட்பதுண்டு. ஏறக்குறைய இதே ஒலியுடைய சொல்லை ஸ்பெயின் தேசத்தவர் ஒருவர் கூறுவாராயின், அவர் வியப்புற்றார் என்று கருதிவிடலாகாது. அவருடைய மொழியில் "ஓஹோ" என்பது கண். "கண் வைத்துக்கொள், கவனம்!" என்று எச்சரிப்பதற்கே அதனை வழங்குவர். சொல்லும்போதே சுட்டுவிரலாற் கீழிமையைச் சற்றுத் தாழ்த்திக் காட்டுவோரும் உளர். நூலின் ஓரத்தில் முக்கியமான இடத்தைக் குறித்து வைப்பதற்கும் இச்சொல்லையே எழுதுவர்.

பிறமொழி பயில்வோர் பெரும்பாலும் இத்தகைய சிறு சொற்களிலேதான் இடறுகின்றனர். பெயரையும் வினையையும் முயன்று கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒருவரை நம் பக்கம் திரும்பச் செய்வதற்கு எதனைச் சொல்வது, எவரிடத்தில் எவ்வாறு சொல்வது என்பது பழக்கத்தால் வரவேண்டியது. பேச்சின் வாயிற்படியே அதுவன்றோ? ஆதலின் இவ்வாரம் ஸ்பானிய மொழியின் விளிச்சொற்களையும் வியப்புச்சொற்களையும் சிறிது நோக்குவோம்.

"ஓயே" என்றால் கேள். "மிரா" என்றால் பார். நண்பனை அழைக்கவும், பேச்சைத் தொடங்கவும் இவ்விரண்டுமே போதும். நாமும் "இஞ்சை பார்", "இதைக் கேள்" என்றுதானே தொடங்குகின்றோம்? ஆயினும் "இஞ்சை பார்" என்பதைப் பெரியவரிடத்தில் "இஞ்சை பாருங்கோ" என்று நாம் மாற்றிக்கொள்வது போல, அவர்களும் "ஓய்கா", "மிரே" என்று மாற்றிக்கொள்வர். முதியவரையோ அறிமுகமில்லாதவரையோ "ஓயே" என்று கூப்பிட்டால், அவர் முகம் சுளிக்கக்கூடும்.

இம்மரியாதை வடிவத்துக்கு ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் உயர்ந்தோரை "வுவெஸ்த்ரா மெர்ஸேத்", அதாவது "தங்கள் அருள்" என்று விளித்தனர். நாவிலே தேய்ந்து தேய்ந்து அதுவே "உஸ்தெத்" என்னும் ஒரு சொல்லாயிற்று. முன்னிற்பவரைப் பார்த்தே "ஐயா எப்போது வருவார்?" என்று நாம் கேட்பதில்லையா? அதுபோல் அவர்களும் இச்சொல்லுக்குப் படர்க்கை வினையையே கொடுக்கின்றனர்.

முன்பின் அறியாதவரிடத்தில் "ஓய்கா" என்பதுங்கூடச் சில வேளைகளிற் கடுமையாக ஒலிக்கும். அப்போது "பெர்தோனே" என்றோ "திஸ்குல்பே" என்றோ தொடங்குதல் நன்று. இரண்டுக்கும் மன்னியுங்கள் என்பதே பொருள். மெக்சிக்கோவிலே ஒருவரைக் கூப்பிட்டால், அவர் "மாந்தே" என்று மறுமொழி கூறுவதுண்டு. "கட்டளையிடுங்கள்" என்பது அதன் நேர்ப்பொருள். தொலைபேசியை எடுத்தால் ஸ்பெயினில் "தீகா", சொல்லுங்கள், என்பர். மெக்சிக்கோவிலோ "புவேனோ", நல்லது, என்பர்.

ஆர்ஜென்ரீனாவில் நண்பரை அழைக்கும் சொல் "சே". நமது "அடேய்", "மச்சான்" என்பன போன்றது அது. 1928ஆம் ஆண்டில் றொசாரியோ நகரிற் பிறந்த ஏர்னெஸ்ரோ குவேரா இச்சொல்லை ஓயாது வழங்கக் கேட்ட கியூபத் தோழர்கள், அதனையே அவருக்குப் பெயராக்கிவிட்டனர். 1959இல் அவர் கியூபத் தேசிய வங்கியின் தலைவரானபின், நாணயத்தாள்களிலும் "சே" என்றே ஒப்பமிட்டார். தெருவிலே ஒருவரைக் கூப்பிடும் சொல் பணத்தில் ஏறிய விந்தை அது.

இனி வியப்பைப் பார்ப்போம். துயரிலும் நோவிலும் திகைப்பிலும் அவர்கள் வாயில் வருவது "ஆய்!" என்பது, நமது "ஐயோ"வுக்கு அது மிக அண்மையில் நிற்கின்றது. "அம்மாடி!" என்று நாம் தாயை நினைப்பதுபோல, அவர்களும் "மாத்ரே மீயா!", என் தாயே, என்பர். நம்பமுடியாத செய்தியைக் கேட்டால் "நோ மே தீகாஸ்!", என்னிடம் சொல்லாதே, என்பர், மேலும் சொல் என்பதே அதன் உட்கருத்து! "ஓம்பிரே" என்றால் ஆண்மகன். ஆனால் வியப்பு வந்துவிட்டால் எதிரே நிற்பவர் பெண்ணாயினும் "ஓம்பிரே!" என்று சொல்லிவிடுவதுண்டு. "அந்தா!" என்பதற்கு நட என்பது பொருள், அதுவும் வியப்பையே உணர்த்தும். தூரத்தில் ஒன்றைக் காட்டி நாம் "அந்தா!" என்பதோடு அதற்கு உறவில்லை; ஒலியொற்றுமை மட்டுமே.

"கரம்பா!" என்பதைப் பலரும் கேட்டிருப்பர். அவையிற் சொல்லத்தகாத ஒரு சொல்லை வாய்க்குள் அடக்கி, அதன் இடத்தில் வைத்த நாகரிகச் சொல் அது. இடக்கரடக்கல் எல்லா நாட்டுக்கும் பொதுவே.

இவற்றுள் எல்லாம் நெஞ்சைத் தொடுவது "ஓஹலா" என்பது. அப்படி நடக்கவேண்டுமே என்னும் ஏக்கத்தை அது கூறும். "இறைவன் நாடினால்" என்னும் அராபியத் தொடரின் வழிவந்தது இச்சொல். 711 முதல் 1492 வரை ஸ்பெயினின் பகுதிகளில் முஸ்லிம்கள் ஆட்சி செலுத்தினர். அரசுகள் மறைந்தன, போர்களும் மறைந்தன. ஆயின் பகைத்தோர் மொழியிலிருந்து வந்த அவ்வேண்டுதல், பிற்காலத்துக் கத்தோலிக்கத் தாய்மார் நாவிலும் நிலைத்துவிட்டது.

ஸ்பானிய எழுத்திலே மற்றொரு புதுமையுமுண்டு. வியப்புக்குறியையும் வினாக்குறியையும் வாக்கியத்தின் இறுதியில் இடுவதோடு, தலைகீழாக முதலிலும் இடுவர். வினாவுக்கு இம்முறையை அந்நாட்டு அரச கல்விக்கழகம் 1754இல் விதித்தது. எந்தக் குரலிற் படிக்கவேண்டும் என்பதை வாசகர் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம்.

அந்நோக்கம் பேச்சுக்கும் பொருந்தும். நாம் சொல்லவந்தது எத்துணை நல்லதாயினும், கூப்பிட்ட முதற்சொல் புண்படுத்திவிட்டால் பிற்சொற்கள் செவியில் ஏறுவதில்லை. ஆதலால் ஸ்பானியம் பயிலும் பிள்ளைகள் "ஓயே" என்பதற்கு முன் "ஓய்கா"வையும், அதற்கும் முன் "பெர்தோனே"யையும் கற்றுக்கொள்வார்களாக. நட்பு முதிர்ந்தபின் "ஓயே" தானே வரும்.