நான்கு கட்டங்களும் ஒரு கடிதமும்

சற்று நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்கலாம்.

என் அறைத்தோழி பொது நிருவாகவியலில் முதுகலை பயில்கிறாள். உடன் தொண்டு நிறுவன மேலாண்மையில் ஒரு சான்றிதழ்ப் படிப்பும். சென்ற வாரம் அவள் சரியாக உறங்கவில்லை. வெபரின் அதிகாரவர்க்கக் கோட்பாடு குறித்து ஓர் ஒப்படைப்பு, கூலிக் வகுத்த ஏழு நிருவாகப் பணிகள் குறித்து மற்றொன்று, கற்பனைத் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு வரவு செலவுத் திட்டம், இரண்டு இணையவழிக் கருத்தரங்குகள், இடையே பகுதிநேர வேலை. ஞாயிறன்று 'பயனுள்ள வாரம்' என்று நிலைத்தகவல் இட்டாள், விருப்பக்குறிகள் குவிந்தன. அவளைக் குறைகூற இதை எழுதவில்லை (அவள் இசைவுடன்தான் எழுதுகிறேன்). அந்த வாரத்தை அவளுக்கு வகுத்துக் கொடுத்தவர்களோடுதான் என் வழக்கு.

வியாழன் இரவு அவள் 'பங்குதாரர் பகுப்பாய்வு' வரைந்துகொண்டிருந்தாள். அதிகாரம் ஓர் அச்சு, அக்கறை மற்றோர் அச்சு, நான்கு கட்டங்கள். எடுத்துக்காட்டாகக் கிரேட் நிக்கோபார்ப் பெருந்திட்டத்தைத் தேர்ந்திருந்தாள், பாராட்டத்தக்க தேர்வு. அமைச்சகம், முதலீட்டாளர், ஒப்பந்ததாரர் எல்லாம் மேல்கட்டங்களில். பழங்குடிக் குழு கீழே, 'அதிகாரம் குறைவு, அக்கறை மிகுதி' என்ற கட்டத்தில். அக்கட்டத்தில் இருப்போரை என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் பாடநூலில் ஆயத்த விடை உண்டு: தகவல் தெரிவித்து வரவும்.

அதிகாரம் குறைவு என்று எதை வைத்துச் சொல்கிறோம்? 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை இன்றும் நடப்பில் உள்ளது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபையின் சொல்லுக்கு எடை தருகிறது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை மாற்றுப் பயன்பாட்டுக்கு விடுவதற்கு 2022 ஆகஸ்டில் நிக்கோபாரியப் பழங்குடிக் குழு தடையின்மைச் சான்று வழங்கியது. அதே ஆண்டு நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. ஆழிப்பேரலைக்கு முன் தாங்கள் வாழ்ந்த ஊர்களின் நிலமும் இதில் அடங்கும் என்பது தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்பது அவர்கள் முறையீடு. ஆக, 'தகவல் தெரிவித்து வரவும்' என்ற அந்த எளிய கடமைகூட நிறைவேறவில்லை என்று கட்டத்துக்குள் இருப்பவர்களே எழுதிவிட்டார்கள். நாளிதழ்களில் வந்த செய்திதான். ஏழு நாளும் ஓடிய என் தோழிக்கு அதை வாசிக்க நேரமில்லை.

மொழியியல் படித்தவளுக்குச் சொல்லில்தான் முதலில் கண் நிற்கும். நிலத்துக்கு உரியவனையும் அதில் சாலை போட வருபவனையும் 'பங்குதாரர்' என்ற ஒரே சொல்லால் அழைத்த கணமே உரியவனின் உரிமை ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. 'பயனாளி'யும் அப்படியே. முதலாளிக்கு முதல் உண்டு, தொழிலாளிக்குத் தொழில் உண்டு. பயனாளியிடம் இருப்பதோ பிறர் கொடுத்தது மட்டுமே.

இச்சொற்கள் படிவமாக மாறும்போது என்ன ஆகும் என்பதை நிக்கோபார் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கண்டது. கார் நிக்கோபாரில் நிலமும் தென்னையும் 'துஹெட்' எனும் கூட்டுக் குடும்பத்துக்கு உரியவை. நிவாரணம் பேசியதோ கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற தனிக்குடும்பத்தின் மொழியை. 'குடும்பத் தலைவர் பெயர்' என்ற ஒற்றைப் பத்திக்குள் துஹெட் எப்படி அடங்கும்? அடங்காததைப் படிவம் காணாது. பணம் தனித்தனிக் கைகளுக்குப் போனது. பொதுவில் உண்டு பொதுவில் உழைத்த உறவுகளுக்குள் விரிசல் விழுந்தது. தொண்டு நிறுவனங்கள் பலவும் அதே பட்டியல்களோடுதான் கரையிறங்கின. நல்லெண்ணத்தில் குறைவிருந்ததாக நான் சொல்லவில்லை. ஒரு சொல்லின் பொருளை விசாரிக்காமல் கப்பலேறினார்கள் என்கிறேன்.

'பாடத்திட்டம் நாடு முழுமைக்கும் பொது, தீவுக்கென்று தனியாக எழுத முடியுமா' என்பார்கள். கூலிக்கின் ஏழு பணிகளும் வானிலிருந்து விழவில்லை. 1937இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் நிருவாகத்தைச் சீரமைக்கும் குழுவுக்காக எழுதப்பட்ட குறிப்பு அது. அங்கே எழுந்த ஒரு நிருவாகச் சிக்கலுக்கான விடை இங்கே கோட்பாடாகிறது. இங்கே எழுந்த சிக்கலோ 'எடுத்துக்காட்டு' என்ற தகுதியைக்கூடப் பெறுவதில்லை. சட்டப்பேரவையே இல்லாத ஒன்றியப் பகுதி இது. மக்களவைக்கு ஒரே உறுப்பினர். ஏனைய இடங்களில் அரசியல் செய்வதில் பெரும்பங்கை இங்கே நிருவாகமே செய்கிறது. பொது நிருவாகவியலை ஊன்றிப் படிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் எது? நாமும், தமிழர்களாகிய நாமும், கச்சால் தோட்டங்கள் முதல் இங்கே குடியமர்த்தப்பட்டவர்களே என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு கோப்பின் வழியே நிலம் கைமாறுவது எப்படி என்பது நமக்குப் புதிய செய்தியன்று.

ஆசிரியர்களிடம் என் கோரிக்கை சிறியது. அடுத்த பருவத்தில் ஓர் ஒப்படைப்பைக் குறையுங்கள். அந்த வாரத்தில் 1956 ஒழுங்குமுறையையும் ஒரு நிவாரணப் படிவத்தையும் மாணவர் கையில் கொடுங்கள். நானும் அத்தகைய படிவங்களைத் தேடிவருகிறேன். 2005இல் நிக்கோபாரில் பயன்பட்ட கணக்கெடுப்புப் படிவத்தின் வெற்றுப் படி எவரிடமேனும் இருப்பின் உள்பெட்டியில் தெரிவிக்கவும். பெயர்கள் நிரப்பப்பட்டவை வேண்டா.