காலிச் சுவரும் கனடாக் குளிரும்

கனடாவில் இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டப்பட்ட மரச்சட்ட வீடுகளில் பெரும்பாலானவற்றின் சுவர்கள் உள்ளே காலியாகவே இருந்தன. உட்புறத்தில் மெல்லிய மரப்பட்டிகளை வரிசையாக அடித்து அவற்றின்மேல் பூச்சு. வெளிப்புறத்தில் பலகை, அதன்மேல் தார்த்தாள், அதற்கும் வெளியே மரப்பலகையோ ஒற்றை வரிசைச் செங்கல்லோ. நடுவில் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நாலங்குல நிலைக்கட்டைகள். கட்டைக்கும் கட்டைக்கும் இடையே வெறும் காற்று. விறகும் நிலக்கரியும் தாராளமாகக் கிடைத்த காலத்தில் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. குளிர் கூடினால் அடுப்பில் இன்னும் கொஞ்சம் கரி போட்டார்கள்.

அந்தக் காலியிடத்தை நிரப்புவது பார்வைக்கு எளிய வேலை. ஆனால் அப்படிப்பட்ட சுவர் எண்பது, நூறு ஆண்டுகள் அழுகாமல் நின்றதற்கு வீணாகிப்போன அந்த வெப்பமும் ஒரு காரணம். வீட்டுச் சூடு ஓயாமல் சுவர் வழியே வெளியேறியதால், உள்ளே புகுந்த மழை ஈரமும் நீராவியும் அவ்வப்போது காய்ந்துவிட்டன. சூட்டை நிறுத்தினால் காய்வதும் குறையும். எனவே பழைய சுவருக்கு வெப்பக்காப்பு செய்ய நினைப்பவர் முதலில் ஈரத்துக்கு வழி சொல்லியாக வேண்டும்.

ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை வட அமெரிக்காவில் ஆர் மதிப்பால் சொல்கிறார்கள். எண் கூடினால் தடுப்பும் கூடும். காலிச் சுவரின் மதிப்பு மொத்தமாக 4 அளவில்தான் இருக்கும். அதே சுவரைச் செல்லுலோஸால் இறுக்கமாக நிரப்பினால், நிலைக்கட்டைகள் வழியே கசியும் வெப்பத்தைக் கழித்த பிறகும் 12 வரை வரும். அதாவது சுவர் வழியே போகும் வெப்பம் மூன்றில் ஒன்றாகிவிடும். வெளியே மைனஸ் 20 டிகிரி, உள்ளே 21 டிகிரி என்று வைத்துக் கணக்கிட்டால், காலிச் சுவரின் உள்முகம் 14 டிகிரியை ஒட்டி நிற்கும். நிரப்பிய சுவரில் அது 18 டிகிரியைத் தாண்டும். சுவரோரம் கட்டில் போட்டிருப்பவருக்கு இந்த வித்தியாசம் உடம்பில் தெரியும். அலமாரிக்குப் பின்னால் சுவரில் பூஞ்சணம் பிடிப்பதும் குறையும்.

சுவரின் வெளிப்பக்கத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். அதே கணக்கின்படி, காலிச் சுவரில் சுழியம் டிகிரியை ஒட்டி இருந்த, தார்த்தாளுக்கு அடியிலுள்ள பலகையின் உள்முகம், நிரப்பிய பிறகு மைனஸ் 15 வரை இறங்குகிறது. 21 டிகிரியில் 40 சதவீத ஈரப்பதம் உள்ள வீட்டுக் காற்று 7 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலே நீராக மாறத் தொடங்கிவிடும். அந்தக் காற்று சுவருக்குள் புகுந்தால் பலகைமேல் உறைபனியாகப் படியும். வசந்தம் வந்ததும் உருகிப் பலகையை நனைக்கும். முன்பும் இப்படிப் படிந்தது உண்டு. அதைக் காயவைக்க அப்போது வெப்பம் இருந்தது.

இது 1930களிலேயே தெரியவந்தது. அமெரிக்காவில் புதிதாக வெப்பக்காப்பு செய்த வீடுகளின் வெளிப்புறச் சாயம் உரிந்தது. குறை சாயத்திலா சுவரிலா என்று வாதம் எழுந்தது. விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் இருந்த வனப்பொருள் ஆய்வகம் இதை ஆராய்ந்தது. சுவரின் சூடான பக்கத்தில் நீராவித் தடுப்பு வேண்டும் என்ற விதி அந்தக் காலத்து ஆய்வுகளிலிருந்து பரவியது. பிறகு புது வீடுகளில் உட்சுவருக்குப் பின்னால் பாலித்தீன் தாள் வைப்பது வழக்கமாயிற்று.

ஆனால் நீராவி சுவரை ஊடுருவிப் போவதைவிட, ஓட்டை வழியே காற்றோடு போவதுதான் மிக அதிகம். 4 அடிக்கு 8 அடி ஜிப்சம் பலகை ஒன்றின் வழியே ஒரு குளிர்காலம் முழுவதும் ஊடுருவும் நீராவி அரை லிட்டருக்கும் குறைவு என்றும், அதே பலகையில் ஒரு சதுர அங்குல ஓட்டை இருந்தால் அதன் வழியே காற்று சுமந்து போவது 28 லிட்டர் அளவு என்றும் கட்டட அறிவியல் நூல்கள் கணக்குக் காட்டுகின்றன. ஆகவே பழைய வீட்டின் பூச்சைப் பெயர்த்துப் பாலித்தீன் தாள் வைக்கத் தேவையில்லை. பல அடுக்காக ஏறியிருக்கும் எண்ணெய்ச் சாயமே நீராவியைப் பெருமளவு தடுத்துவிடும். மின் பெட்டிகளின் விளிம்பு, சன்னல் சட்டத்தின் இடுக்கு, தரையும் சுவரும் சேரும் இடம் ஆகியவற்றை அடைப்பதுதான் உண்மையில் சுவரைக் காக்கும் வேலை. செலவு குறைவு என்பதாலேயே இது பெரும்பாலும் தட்டிக்கழிக்கப்படுகிறது.

அவசரத்தில் செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா கொடுத்த விலை பெரிது. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1977இல் மத்திய அரசு வீட்டு வெப்பக்காப்புக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. பழைய சுவர்களுக்குள் யூரியா ஃபார்மால்டிஹைடு நுரையைக் குழாய் வழியே அடிப்பது அப்போது பரவலாயிற்று. சிறு துளை போதும், ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். கலவை சரியில்லாத இடங்களில் அந்த நுரை ஃபார்மால்டிஹைடு வாயுவை வீட்டுக்குள் விட்டது. சுருங்கி இடைவெளியும் விட்டது. 1980 டிசம்பரில் அது தடை செய்யப்பட்டது. காலப்போக்கில் வாயு அடங்கிப்போனாலும் வீடுகளின் மேல் விழுந்த சந்தேகம் அடங்கவில்லை. ஒன்ராறியோவில் வழக்கமாகப் பயன்படும் வீடு விற்பனை ஒப்பந்தப் படிவத்தில் இந்த நுரை பற்றிய உறுதிமொழி ஒரு தனிப் பிரிவாகவே இடம்பெற்றது.

இன்று பழைய மரச்சுவர்களுக்கு அதிகம் பயன்படுவது செல்லுலோஸ்: பழைய செய்தித்தாளை அரைத்து, தீயும் பூச்சியும் அண்டாமல் இருக்கப் போரேட் உப்பு கலந்த சாம்பல் நிறப் பஞ்சு. வேலையாள் வெளிப்பலகை ஒரு வரியைக் கழற்றுவார். தார்த்தாளைக் கீறி ஒதுக்கிவிட்டு, நிலைக்கட்டைகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு பத்திக்கும் இரண்டங்குல அளவில் ஒரு துளை போடுவார். அதில் ஒரு மெல்லிய குழாயை நுழைத்து, பத்தியின் கடைசிக்கு ஓர் அடி குறைவாக நிறுத்துவார். தெருவில் நிற்கும் வண்டியிலுள்ள இயந்திரம் பஞ்சை ஊதும். பத்தியின் முனை இறுகியதும் குழாயில் ஓட்டம் தடைப்பட்டு இயந்திரத்தின் சத்தம் மாறும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் குழாயைக் கொஞ்சம் பின்னுக்கு இழுப்பார். மீண்டும் இறுகும், மீண்டும் இழுப்பார். கன அடிக்கு மூன்றரை பவுண்டு இறுக வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால் பஞ்சு நாளடைவில் அமிழ்ந்து, மேலே ஒரு சாண் காலியாகிவிடும். மிகவும் அழுத்தினால் உள்ளே பூச்சு வெடிக்கும். இந்த வேலையின் தரம் முழுக்க முழுக்கக் குழாய் பிடிக்கும் கையில் இருக்கிறது. விலைப்பட்டியலைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

துளையிடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில. 1940கள் வரை போடப்பட்ட பழைய மின்கம்பி, பீங்கான் குமிழ்களால் தாங்கப்பட்டு வெறும் காற்றில் ஓடும். அதன் சூட்டைக் காற்றுதான் ஆற்றும். அதைப் பஞ்சால் மூடினால் தீப்பிடிக்கலாம். ஆகவே முதலில் கம்பியை மாற்ற வேண்டும். நிலைக்கட்டைகள் அடித்தளத்திலிருந்து கூரை வரை ஒரே நீளமாகப் போகும் பழைய கட்டு முறையில், சுவர்ப் பத்தி கீழே நிலவறைக்கும் மேலே பரணுக்கும் திறந்திருக்கும். அதன் கீழ்வாயை அடைக்காமல் ஊதினால் பஞ்செல்லாம் நிலவறையில் கொட்டும். அடைத்து நிரப்பினால் சுவருக்குள் புகைபோக்கி போல ஏறிக்கொண்டிருந்த காற்றும் நிற்கும். தீ விபத்தில் நெருப்பு மாடிக்குத் தாவும் வேகமும் குறையும். பரணிலோ சுவரிலோ மின்னும் சரளை போன்ற வெர்மிகுலைட் கிடந்தால் தொடவே கூடாது. மொன்டானாவின் லிபி சுரங்கத்திலிருந்து வந்த சரக்கில் கல்நார் கலந்திருந்தது.

டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் தமிழர்கள் வாங்கியிருக்கும் போருக்குப் பிந்திய ஒற்றைமாடி வீடுகள் பலவற்றில் வெளியே தெரியும் செங்கல் வெறும் போர்வைதான். பாரத்தைத் தாங்குவது உள்ளிருக்கும் மரச்சட்டம். செங்கல்லுக்கும் பலகைக்கும் இடையே ஓரங்குல இடைவெளி இருக்கும். செங்கல்லைத் தாண்டி வரும் மழைநீர் வடிவது அதன் வழியேதான். நிரப்ப வேண்டியது மரச்சட்டத்துக்குள்ளே. இந்த இடைவெளியை நிரப்பிவிட்டால் மழைநீர் பலகையிலேயே தங்கிவிடும்.

டொரன்டோவின் நடுப்பகுதியில் உள்ள விக்டோரியா காலத்து வீடுகள் வேறு வகை. அங்கே இரட்டை வரிசைச் செங்கல்லே சுவர். உள்ளே வெப்பக்காப்பு வைத்தால் செங்கல் முன்பைவிடக் குளிரும், முன்பைவிட ஈரமாகவும் இருக்கும். ஊறிய செங்கல் உறைந்து உருகினால் அதன் முகம் செதில் செதிலாக உரியும். தரை உத்தரங்களின் முனைகள் அந்தச் செங்கல்லுக்குள்ளேயே புதைந்திருப்பதால் அவை அழுகவும் கூடும். ஒட்டாவாவில் தேசிய ஆய்வு மன்றத்தின் கட்டட ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த ஹட்சியன், 1964இல் வெளியிட்ட சிறு வெளியீடு ஒன்றில், கற்சுவருக்கு வெப்பக்காப்பை வெளியே வைப்பதே முறை என்று காரணகாரியத்தோடு விளக்கினார். அப்படி வைத்தால் சுவர் முழுவதும் வீட்டுச் சூட்டிலேயே இருக்கும். ஆனால் நூறாண்டுச் செங்கல் முகப்பை மூடுவதற்கு வீட்டுக்காரருக்கு மனம் வராது. பாரம்பரியப் பகுதிகளில் அனுமதி கிடைப்பதும் கடினம். அங்கே உள்ளே வைப்பதுதான் வழி என்றால், கூரை வடிகாலும் செங்கல் இணைப்புச் சாந்தும் முதலில் பழுது பார்க்கப்பட வேண்டும். வெப்பக்காப்பும் அளவோடு நிற்க வேண்டும்.

மரப்பலகை போர்த்திய வீட்டில் வெளியே வைப்பது எளிது. பழைய பலகையை எப்படியும் மாற்ற வேண்டிய ஆண்டில், அதன் அடியில் இரண்டங்குலக் கல்கம்பளிப் பலகை சேர்த்தால் ஆர் மதிப்பு 8 கூடும். மரச்சட்டமும் சூடாகவே இருக்கும். சன்னல் சட்டங்களை நீட்டுவதும் மழைநீர் வழியத் தகடு வைப்பதும் கூடுதல் செலவு. வெப்பக்காப்புக்காக மட்டும் நல்ல பலகையைக் கழற்றினால் கணக்குக் கட்டிவராது.

சுவரை அடைத்த பிறகு வீடு முன்போல மூச்சுவிடாது. நாள்தோறும் சோறு வடித்து, புட்டு அவித்து, ரசம் கொதிக்கும் வீட்டில் நீராவி அதிகம். சமையலறை விசிறி காற்றைச் சுற்றி உள்ளேயே விடாமல் வெளியே தள்ள வேண்டும். குளியலறை விசிறியும் அப்படியே. வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு ஏற்றும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. பழைய வகை எரிவாயு வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு: இறுகிய வீட்டில் விசிறிகள் இழுக்கும்போது அதன் புகை புகைபோக்கியில் ஏறாமல் உள்ளே திரும்பலாம். அதில் கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கலாம் என்பதால், புகை திரும்புகிறதா என்று சோதித்தே தீர வேண்டும்.

வேலை முடிந்ததும் வாசலில் பெரிய விசிறியை மாட்டி, வீட்டுக்குள் காற்றழுத்தத்தை 50 பாஸ்கல் குறைத்து, கசிவை அளப்பது வழக்கம். குளிர் நாளில் அதோடு அகச்சிவப்புக் கேமராவையும் சுவர்மேல் ஓட்டினால், நிரம்பாத பத்தி நீலப் பட்டையாகத் தெரியும். வெளிப்பலகையைத் திரும்ப அடிப்பதற்கு முன்பே இந்தச் சோதனையைக் கேட்டு வாங்கிவிட்டால், விட்டுப்போன அந்தப் பத்தியை அன்றே நிரப்பிவிடலாம்.