வானத்துச் சண்டையைத் தரையில் பார்க்கலாம்!

ஜல்லிக்கட்டு முடிந்ததும் அலங்காநல்லூரில் ஒரு வாய்ச்சண்டை நடக்கும். "மாட்டைப் பிடித்தது நான்" என்பான் ஒருவன். "இல்லை, நான்தான்" என்பான் இன்னொருவன். படத்தை ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

போர் விமானிகளிடமும் இதே சண்டை உண்டு.

பயிற்சியின்போது அவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மோதுவார்கள். உண்மையான குண்டு கிடையாது. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கீழே இறங்கியதும், "உன்னைச் சுட்டுவிட்டேன்" என்பார் ஒருவர். "அதற்குள் தப்பிவிட்டேன்" என்பார் மற்றவர். முன்பெல்லாம் கரும்பலகைக்கு முதலில் போனவர் சொன்னதுதான் கதை!

கம்ப்யூட்டர் சாட்சி

1970-க்குப் பிறகு அமெரிக்கர்கள் இதற்கு வழி கண்டார்கள். விமானத்தின் இறக்கையில், ஏவுகணை போன்ற ஒரு குழாயை மாட்டினார்கள். விமானம் எங்கே பறக்கிறது, என்ன உயரம், என்ன வேகம் என்று அது நொடிக்கு நொடி தரைக்குச் சொல்லும். விமானி பொத்தானை அழுத்தினால் ஏவுகணை புறப்படாது. "புறப்பட்டிருந்தால் பட்டிருக்குமா?" என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும்.

பிறகு எல்லோரும் திரையில் பார்க்கலாம். நடுவில் நிறுத்தலாம். திரும்ப ஓட்டலாம். கம்ப்யூட்டர்களை இணைத்துவிட்டால் வேறு ஊரில் இருப்பவர்களும் அதையே பார்க்கலாம்.

பலன் என்ன?

வியட்நாம் போரின் முற்பகுதியில் அமெரிக்கக் கடற்படை, 2 பகை விமானங்களை வீழ்த்துவதற்குள் தன் விமானம் ஒன்றை இழந்தது. 1969-ல் விமானிகளுக்கென்று தனிப்பள்ளி தொடங்கியது. தவறுகளை ஒளிவுமறைவின்றி அலசுவதே அங்கே முக்கியப் பாடம். போரின் முடிவில் கணக்கு, ஏறக்குறைய 12-க்கு 1 ஆயிற்று!

இது தமிழ்நாட்டுக்குத் தொலைவான செய்தி அல்ல. தாம்பரத்தில் விமானப் பயிற்சி ஆசிரியர்களுக்கான பள்ளி இருக்கிறது. தஞ்சையில் 2020 முதல் சுகோய் விமானங்கள் நிற்கின்றன. 2024 ஆகஸ்டில் கோவை அருகே சூலூரில் ஜெர்மனி, பிரான்சு, ஸ்பெயின், பிரிட்டன் விமானப்படைகள் நம்மவர்களோடு சேர்ந்து பயிற்சி செய்தன. மதுரைச் சீமைப் பிள்ளைகளும் விமானப்படைக்குப் போகிறார்கள். இத்தகைய கருவிக்குச் செய்யும் செலவு, அந்தப் பிள்ளைகளின் உயிருக்குச் செய்யும் செலவு.

ஆனால் கருவி மட்டும் போதாது. திரையில் தெரியும் தவறுக்குத் தண்டனை என்றால், எல்லோரும் தவறை மறைக்கத்தான் பார்ப்பார்கள். பெரிய அதிகாரியே முதலில் எழுந்து, "இங்கே நான் பிசகினேன்" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் இளைஞர்கள் கற்றுக்கொள்வார்கள்.

தரையில் நாலு பேர் முன்னால் வெட்கப்படலாம். வானத்தில் உயிரை விடுவதைவிட அது எவ்வளவோ மேல்!