ஆற்று மணலும் நான்கு பேரும்

1971இல் அமெரிக்காவில் விமானத்தைக் கடத்தி, 2 லட்சம் டாலருடன் பாராசூட்டில் குதித்த கூப்பர் என்ற பேர்வழி இன்றுவரை அகப்படவில்லை. 1980இல் கொலம்பியா ஆற்றங்கரை மணலில் அந்தப் பணத்தில் 5,800 டாலர் ஒரு சிறுவனிடம் சிக்கியது. 1974இல் தூர்வாரிக் கொட்டிய மண்ணோடு வந்ததா, பிறகு ஒதுங்கியதா? துப்பறியும் இலாகா 2016இல் கைகழுவிய பிறகும், வானிலிருந்து எடுத்த பழைய படங்களை ஆண்டுவாரியாக வைத்து அந்த மணல் மேட்டை ஆர்வலர்கள் அலசுகிறார்கள். திருட்டுப் பணத்துக்கு இவ்வளவு பொறுமை!

சூரியநெல்லித் தோட்டத்தாருக்குப் பெட்டிமுடியைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களை மூடியதில் மாண்டவர் 70 பேர், பெரும்பாலோர் தமிழர். மோப்ப நாயோடு ஆற்றோரமெல்லாம் தேடினார்கள், மறுப்பதற்கில்லை. கிடைத்த உடல்கள் 66. மற்ற நால்வரும் இறந்ததாகக் கொண்டு கோப்பு மூடப்பட்டது.

சரிவுக்கு முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், சேறும் பாறையும் எங்கே தங்கின, வெள்ளம் எந்த மணல்திட்டை எங்கே நகர்த்தியது என்பதைக் குறிக்கலாம். உடல் கிடைக்கும் என்று யாரும் ஆசை காட்டவேண்டாம். கேரள அரசு அந்த வரைபடத்தையாவது தயாரித்து, அந்த நால்வரின் வீட்டாரிடமும் கொடுக்கட்டும். எந்தக் கரையில் நின்று திதி கொடுப்பது என்றாவது அவர்களுக்குத் தெரியும்.